ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய ஊரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் வழியும் நேரமும், போகப் போக வம்பான சந்தேகங்கள்.

1. ஜார்ஜ் டவுன்னா எது? பாரிஸ், மண்ணடி, சௌகார்பேட்டை எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

எல்லாம் ஒரே ஊரின் துண்டுகள். தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை, கிழக்கே ராஜாஜி சாலை, மேற்கே வால்டாக்ஸ் சாலை, வடக்கே ஓல்டு ஜெயில் ரோடு. இந்த நாலுக்கும் நடுவில் இருப்பதுதான் ஜார்ஜ் டவுன். அதை நெடுக்கே இரண்டாகப் பிரிக்கிறது பிராட்வே என்கிற பிரகாசம் சாலை. பிராட்வேக்குக் கிழக்கே பழைய முத்தியால்பேட்டை, மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை. இன்றைய பேச்சில் கிழக்குப் பக்கம் மண்ணடி ஆகிவிட்டது. மேற்குப் பக்கத்தைச் சௌகார்பேட்டை, ஏழுகிணறு, கொத்தவால் சாவடி என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

பஸ்ஸில் கேட்கும் "பாரிஸ்" பிரான்ஸ் தலைநகரம் இல்லை. 1788இல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் கம்பெனி இருந்த முனை, பாரீஸ் கார்னர். தமிழில் பாரிமுனை.

2. ஞாயித்துக்கிழமை போனா கூட்டம் இருக்காதே, அன்னைக்கே போயிடலாமா?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு காலை 6.30 முதல் 9.30 வரைதான் சரியான நேரம். ஷட்டர்கள் மூடியிருக்கும், சாலை காலியாக இருக்கும், தலையை நிமிர்த்தி மாடிகளைப் பார்த்தபடி நடக்கலாம். ஆனால் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை. இந்த ஊரின் உயிரே கடைத்தெருதான். அதைப் பார்க்க வேண்டுமானால் வேலை நாளில் காலை 11 மணிக்கு மேல் வாருங்கள்.

முடிந்தால் இரண்டு தடவை வாருங்கள். ஒரே தடவைதான் என்றால் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கி, கடை திறப்பதையும் பார்த்துவிட்டுப் பகல் 12 மணிக்குக் கிளம்பலாம். சித்திரை, வைகாசி வெயிலில் 10 மணிக்கு மேல் நடப்பது வீண் வீரம்.

3. கார்ல வரலாமா? பைக்காச்சும்?

வேண்டாம். தெருக்களில் பாதி அகலம் சரக்கு இறக்கும் வண்டிகளுக்கே போய்விடுகிறது. உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் உண்டு. புறநகர் ரயிலில் வருகிறவர்கள் கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோ நிலையத்திலேயே கழிவறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள், தெருவுக்குள் போனபின் தேட வேண்டியிருக்கும்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியது மீன்பாடி வண்டி. முன்னால் பலகைத் தட்டு வைத்த மூன்று சக்கர வண்டி, சரக்கு ஏற்றியிருந்தால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. மூட்டை சுமந்து வருகிறவருக்கும் அப்படியே. "சைடு, சைடு" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் உடனே ஓரம் ஒதுங்குங்கள்.

4. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துடலாமா? ஒரு ரூட் போட்டுக் குடுங்க.

பார்க்க முடியாது. கிழக்குப் பாதி ஒரு காலை, மேற்குப் பாதி இன்னொரு காலை. தலா இரண்டரை கிலோமீட்டர் நடை, மூன்று மணி நேரம் போதும்.

கிழக்குப் பாதிக்கு உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி வெளியே வந்து, என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடலை நோக்கி நடந்தால் பாரிமுனை. அங்கே டேர் ஹவுஸ் என்ற கட்டடத்தை ஒட்டி நிற்கும் எல்லைத் தூணைப் பாருங்கள் (6ஆம் கேள்வி). வந்த வழியே மேற்கே திரும்பி நடந்தால் லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று வலது கைப்பக்கம் வரிசையாக வரும். அரண்மனைக்காரன் தெருவில் நுழைந்து அந்தோணியார் கோயில், ஆர்மீனியர் தேவாலயம், கச்சாலீசுவரர் கோயில் மூன்றையும் பார்த்துவிட்டு, குறுக்குச் சந்து ஒன்றின் வழியாகத் தம்புச் செட்டி தெருவுக்கு மாறினால் காளிகாம்பாள் கோயில். அங்கிருந்து வடக்கே போனால் மண்ணடி, கிழக்கே போனால் கடற்கரை நிலையம்.

மேற்குப் பாதியைப் பூக்கடையில் தொடங்குங்கள். தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில், பிறகு ராசப்பச் செட்டி தெருவில் கந்தகோட்டம், கொத்தவால் சாவடி, தங்கசாலைத் தெரு. கோயில்கள் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்திவிடும். ஆர்மீனியர் தேவாலயமும் பிற்பகலுக்கு மேல் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் கட்டடங்களுக்குள் போவதை முதலில் வைத்துக்கொண்டு, தெருக்களைப் பிறகு பாருங்கள்.

5. பழைய கறுப்பர் நகரம் இதுதானே? ஹைகோர்ட் இருக்கிற இடம்னும் சொல்றாங்களே, எது சரி?

இரண்டும் சரி. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்துக் கோட்டை எழும்பியபோது, அதன் வடக்கு மதிலை ஒட்டியே நெசவாளர், வணிகர், கம்பெனிக்கு மொழிபெயர்த்துத் தரகு செய்த துபாஷிகள் குடியேறினார்கள். அந்த முதல் ஊர் இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். வீடுகள் மதிலுக்கு இவ்வளவு அருகில் இருந்தால் எதிரி அவற்றின் மறைவிலேயே முன்னேறி வரலாம் என்பதை அந்தப் போர் காட்டிவிட்டது. பிரெஞ்சுக்காரர் ஒரு பகுதியை இடித்தார்கள். மிச்சத்தைப் பின்னாளில் ஆங்கிலேயரே இடித்துத் தள்ளி, பீரங்கிச் சுடுதளத்துக்கு வசதியாக வெட்டவெளி ஆக்கினார்கள்.

இடம் இழந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். அவர்களோடு கோயிலும் நகர்ந்தது. 1757இல் இடிக்கப்பட்ட பட்டணம் பெருமாள் கோயிலுக்கு மாற்றாக எழும்பியதுதான், மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டிய பூக்கடை இரட்டைக் கோயில். ஊரும் கறுப்பர் நகரம் என்ற பழைய பெயரையே தூக்கிக்கொண்டு வந்தது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1906இல் வந்து போனபோது பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது.

6. டேர் ஹவுஸ் பக்கத்துல ஏதோ தூண் இருக்காமே, ரெண்டு தடவை தேடியும் கிடைக்கலை.

பெரிய தூணாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து தேடுவதால்தான் கிடைப்பதில்லை. டேர் ஹவுஸின் என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கத்தில், நடைபாதையை ஒட்டிக் கம்பி அடைப்புக்குள் நிற்கிறது, மேலே குறுகிச் செல்லும் கல். நடைபாதைக் கடைகள் விரித்திருந்தால் நேர் எதிரே நின்றாலும் தெரியாது. ஞாயிறு காலையில் தேடுங்கள்.

மேலே சொன்ன வெட்டவெளியின் எல்லை அதுதான். இதைத் தாண்டித் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று ஆறு தூண்கள் நட்டார்கள், மிஞ்சியது இது ஒன்றே. 1773 ஜனவரி 1 என்ற தேதி ஆங்கிலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று எதிரே பாருங்கள். உயர் நீதிமன்றம் (1892), சட்டக் கல்லூரிக் கட்டடம் (1899) என எல்லாமே காலியாக இருக்க வேண்டிய நிலத்தில் எழுந்தவை. சண்டைப் பயம் போனதும் தடையும் போய்விட்டது.

7. தெருப் பலகையில ஒரு பேரு, மேப்புல ஒரு பேரு, ஆட்டோக்காரர் சொல்றது இன்னொண்ணு. எதை நம்புறது?

மூன்றையும். தெருக்களில் பல, கம்பெனியோடு வியாபாரம் செய்தவர்கள், துபாஷிகள் பெயரில் உள்ளவை. 1970களின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டை எடுக்க அரசு முடிவெடுத்ததால் சில பலகைகளில் செட்டி, நாயக்கன் காணாமல் போயின. பேச்சிலும் கடை முகவரியிலும் அவை அப்படியே நிற்கின்றன. வழி கேட்கும்போது பழைய பெயரையே சொல்லுங்கள்.

சுவையானது ஒலி திரிந்த பெயர்கள்தான். அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியன் என்ற சொல் சென்னை நாக்கில் புரண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. திருவல்லிக்கேணிப் பக்கம் ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதி ஆகி, அதை மறுபடி ஆங்கிலத்தில் பெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதினார்களே, அந்த வகை. அதனால் தெருப்பெயருக்கு அகராதி பார்த்துப் பொருள் சொல்லும் வழிகாட்டிகளிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

8. வால்டாக்ஸ் ரோடுன்னா என்ன டாக்ஸ்? யார் கட்டினாங்க?

மதில் வரி. அதை யாரும் கட்டவில்லை. ஹைதர் அலியின் குதிரைப்படை 1760களில் சென்னை வாசல் வரை வந்து மிரட்டியதும், புது ஊருக்கு மேற்கிலும் வடக்கிலும் மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவைக் குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்கத் திட்டம் போட்டார்கள். வரி வசூலாகவில்லை, மதிலும் போய்விட்டது, பெயர் மட்டும் சாலையில் தங்கிவிட்டது. இன்று அது மரக்கடைகளின் சாலை.

மதிலின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஓல்டு ஜெயில் ரோட்டுக்குப் போங்கள். அங்கே ஒரு துண்டு மதிலின் மேலேயே பூங்கா போட்டு, மாடிப் பூங்கா என்கிறார்கள். கதவுகளில் ஒன்றின் பெயர் யானைகவுனியில் வாழ்கிறது. கவுனி என்றால் கோட்டை வாசல். புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் திருப்பதிக் குடைகள் "யானைகவுனி தாண்டிடுச்சா?" என்று ஊரே கேட்கும். இல்லாத வாசலை இன்னமும் ஆண்டுதோறும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

9. பீச் ஸ்டேஷன்ல இறங்கினேன். பீச் எங்கே?

துறைமுகத்துக்குள் போய்விட்டது. ராஜாஜி சாலையின் பழைய பெயரே முதல் கடற்கரை வரிசை. தபால் நிலையத்தின் (1884) முன்னால் நின்றால் அலை தெரிந்த காலம் உண்டு. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1870களில் கடலுக்குள் கல்சுவர் போடத் தொடங்கி, 1881 புயலில் அது சிதைந்து, மறுபடி கட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலையே இடம் மாற்றி முடித்தார்கள்.

இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல்சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்தது. மெரினாவின் அகலமும் வடசென்னையின் கருங்கல் கரையும் ஒரே சுவரின் இரண்டு விளைவுகள்.

10. ஒரு வீடு உண்மையிலேயே பழசா, இல்ல அழுக்கா இருக்கறதால பழசா தெரியுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் நெற்றியைப் பாருங்கள். 1900களின் முற்பாதி வீடுகளில் கைப்பிடிச் சுவர் நடுவே சுதையில் ஆண்டு எழுதியிருப்பார்கள். வளைந்த மூலை, கிடைக்கோடுகள், கப்பல் மேல்தளம் போன்ற பால்கனி இருந்தால் 1930-40கள். டேர் ஹவுஸும் (1940) அந்தக் காலத்ததே.

அதற்கு முந்தையதா என்று அறியத் திண்ணையில் நின்று கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேக்கு உத்தரங்கள் நெருக்கமாக ஓடி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்கள் விளிம்பில் நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கப்பட்டிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அந்தக் கற்களை இணைப்பது சுண்ணாம்புக் காரை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். உச்சியில் தட்டோடு. சிமெண்ட் இல்லை, இரும்புக் கம்பி இல்லை, ஆனாலும் நூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது.

இவை விழுவது பெரும்பாலும் பழுதுபார்க்கும் முறையால்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளமாகப் பெயரும், உத்தரத்தின் சுவருக்குள் இருக்கும் முனை உளுத்துப்போகும். அடுத்தது கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்று. விரல் தடிமனில் இருக்கும்போது பிடுங்காவிட்டால் வேர் காரைக்குள் இறங்கிச் சுவரைப் பிளந்துவிடும்.

11. போட்டோ எடுக்கலாமா? யாராவது திட்டுவாங்களா?

தெருவை எடுத்தால் யாரும் கவலைப்படுவதில்லை. துறைமுக வாயில், ரிசர்வ் வங்கி, கோட்டையின் ராணுவப் பகுதி, உயர் நீதிமன்றம் ஆகியவற்றை எடுக்க வேண்டாம். நகைப் பட்டறை, நோட்டு எண்ணும் கல்லா இவற்றின் பக்கம் காமிராவைத் திருப்பினால் திட்டு நிச்சயம். வீட்டு முற்றம் பார்க்க ஆசையாக இருந்தால், காமிராவைப் பையில் வைத்துவிட்டு, "ஐயா, வீடு எத்தனை தலைமுறையா இருக்கு?" என்று திண்ணையில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள். கதவு திறப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

கோட்டை அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கவும், அன்று விடுமுறை.

12. ஆர்மீனியர் சர்ச்சுல இப்ப ஆர்மீனியர் யாராவது இருக்காங்களா?

சென்னையில் அந்தச் சமூகமே இல்லாமல் போய்விட்டது. 1772இல் எழுந்த இந்தத் தேவாலயத்தில் வாரந்தோறும் வழிபாடு கிடையாது. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், ஆறு பெரிய மணிகள், ஞாயிறு காலையில் அடிப்பார்கள். நடைபாதையில் பதித்த கல்லறைக் கற்களை மிதித்துவிடாமல் பார்த்துப் போங்கள். இங்கே அடக்கமான ஹாருத்தியுன் ஷ்மாவோனியன் 1794இல் சென்னையில் அச்சிட்ட "அஸ்தரார்"தான் உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ்.

13. பர்மா பஜார் அத்தோ சாப்பிடாம வரக்கூடாதாமே. அது நிஜமாவே பர்மா சாப்பாடா?

ஆமாம், ஆனால் சென்னை நாக்குக்கு வளைந்தது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். ராஜாஜி சாலை ஓரத்தில் அவர்களுக்கு அமைந்த கடைவரிசை பர்மா பஜார். அதன் பின்தெருக்களில் மாலையில் தள்ளுவண்டிகள் வரும்.

அத்தோ அடுப்பில் வதக்குவதில்லை. வெந்து ஆறிய நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக வேண்டுமானால் பிசைவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் திணித்துத் தருவதை ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் முறை, கடித்தால் சட்டை போகும்.

சைவக்காரர்களுக்குச் சௌகார்பேட்டை இருக்கவே இருக்கிறது.

14. காளிகாம்பாள் கோயிலுக்கு சிவாஜி வந்தது உண்மையா, கதையா?

1677 அக்டோபர் 3 என்று தேதியோடு கோயிலில் சொல்கிறார்கள். அந்த ஆண்டு சிவாஜி தென்னாட்டுக்குப் படையெடுத்து வந்ததும், கம்பெனியிடம் மருந்துப் பொருட்கள் கேட்டு அனுப்பியதும் கோட்டையின் பதிவுகளில் உள்ளவை. கோயில் வருகையைச் சொல்வது கோயில் மரபு. இரண்டையும் கலக்காமல், எது பதிவு, எது மரபு என்று பிரித்துச் சொல்வதே நேர்மை. "வரவே இல்லை" என்று அடித்துச் சொல்வதும் அதே தப்புதான்.

15. இங்க சாதிச் சண்டையால தெருவையே பிரிச்சாங்கன்னு படிச்சேன். இப்பவும் தெரியுமா?

வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற சாதிகளின் சண்டை. யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதில் 1652இலேயே மோதல் நடந்தது. 1707இல் அது முற்றி, வலங்கையினர் ஊரை விட்டு வெளியேறிச் சாந்தோமில் போய் உட்கார்ந்தார்கள். நெசவும் ஏற்றுமதியும் நின்றால் கம்பெனிக்கு நட்டம் என்பதால் ஆளுநர் தாமஸ் பிட் தலையிட்டு, வலங்கைக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்தார்.

முதல் கேள்வியில் சொன்ன கோடு, பிராட்வே, அந்த இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே இருந்த பள்ளம். ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் 1780களில் அதைத் தூர்த்துச் சாலை ஆக்கினார். பலத்த மழைக்குப் பிறகு அங்கே தேங்கும் தண்ணீரைப் பார்க்கிறவர்களுக்கு, அது ஒரு காலத்தில் வாய்க்கால் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

16. ஹைகோர்ட் கோபுரம்தான் லைட்ஹவுஸா? எம்டன் குண்டு போட்ட இடம் எது?

1894 முதல் 1977இல் மெரினா கலங்கரை விளக்கம் வரும்வரை உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது. அதற்கு முன்பு எரிந்த 1840களின் கல்தூண் அதே வளாகத்தில் தனியாக நிற்கிறது, வெளியிலிருந்தே தெரியும்.

ஜெர்மன் கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவில் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு, ராஜாஜி சாலைப் பக்கமாக நடந்தால் படிக்கலாம், உள்ளே போக வேண்டாம். கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொல்கிற வழக்கம் அந்த ஒரு ராத்திரியில் பிறந்தது.